பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா?

புகையிரதம் இடைவழியில் பழுதாகி நின்றால், மதுரங்குளி நிலையத்தில் காத்திருக்கும் கனமூலைவாசிகள் எஞ்சினின் வயதையே நொந்துகொள்வர். புதியது வாங்கினால் தீரும் என்பது பொது எண்ணம். அது முழு உண்மையன்று.

கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 முதல் வழங்கிய எம்2 ரக டீசல் எஞ்சின்கள் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடின. அவற்றுள் 'மனிடோபா' 2004 டிசம்பர் 26இல் பெரேலியவில் சுனாமியில் சிக்கியது. திருத்தப்பட்டு மீண்டும் தண்டவாளம் ஏறியது! இவ்வகையில் ஒவ்வொரு சிலிண்டர் தொகுதியையும் தனித்தனியே கழற்றி மாற்றலாம். பல நாடுகள் பாவித்ததால் உதிரிப்பாகங்களுக்கும் பெரும் பஞ்சமில்லை.

புளோரிடாவின் டிஸ்னி உல்லாச நகரில் 1989 முதல் ஓடத் தொடங்கிய மொனோரயில்களின் நிலை வேறு. அவை அவ்விடத்துக்கென்றே செய்யப்பட்ட 12 தொடர்கள் மாத்திரமே. அவற்றின் பாகம் தேய்ந்தால் சந்தையில் தேடிப் பயனில்லை. தனியே செய்விக்க வேண்டும். ஆகவே வயதில் இளைய வண்டியே பராமரிப்பில் அதிகம் சிரமப்படுத்தலாம்.

கடன்பட்டுப் புதிய புகையிரதம் வாங்கும் அரசு, எத்தனை ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் வழங்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அக்கடனை அடைப்பவர்களுள் கனமூலைவாசிகளும் அடங்குவர்.