ஏறும் மீன்

ஐப்பசி மழை பிடித்து ஓடையில் செந்தண்ணி வந்துவிட்டால் அப்பா அன்று ராத்திரி தூங்கமாட்டார். பரணில் கிடக்கும் பறியை இறக்கி, அறுந்த கட்டுகளைத் தட்டிச் சரிசெய்துகொண்டு ஏரிக் கலிங்குக்குக் கிளம்பிவிடுவார். புதுத்தண்ணி வாசத்துக்கு மீன் எதிர்த்து ஏறும். அதனால் பறியின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டு விடியும்வரை காத்திருந்த கதை எங்கள் வீட்டில் உண்டு. அது நான்தான்.

விடிந்ததும் தூக்கினால் பறிக்குள் கெளுத்தி, குரவை, சேல்கெண்டை, அடியில் ஒரு கை அயிரை. கெளுத்தி முள் ஏறிய விரல் ரெண்டு நாளைக்கு விண்விண்ணென்று தெறிக்கும். குரவையைச் சாம்பலில் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகும் அது சட்டியில் துள்ளும். இந்த மீன்களை யாரும் கொண்டுவந்து ஏரியில் விட்டதில்லை. அவை தாமாக வந்தன, தாமாகப் பெருகின.

இன்று ஆலத்தியூர்ப் பக்கம் கோடையில் ஏரி வற்றும்போது கரையில் போய் நின்று பாருங்கள். குத்தகைக்காரர் வலை இழுக்கிறார், தராசு தொங்குகிறது. கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. அப்பா காலத்தில் மொத்த ஊரும் ஊத்தாவோடு இறங்கிப் பிடித்ததைவிட எடை கூடுதலாகவே இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. மீன் இருக்கிறது. ஆனால் அந்தக் குவியலில் பாதிக்கு மேல் நம் ஆற்றைச் சேர்ந்ததில்லை.

ஜிலேபி 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து இறங்கியது. கட்லாவும் ரோகுவும் கங்கை நாட்டு மீன்கள். குளத்தில் வளரும், ஆனால் முட்டையிடாது. அந்த முடிச்சு 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் அவிழ்ந்தது. ஹீராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும், ஒரு மீனின் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து இன்னொரு மீனுக்கு ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதன்பிறகு குஞ்சுப் பண்ணைகள் பெருகின. பாலிதீன் பையில் ஆக்சிஜன் நிரப்பி எந்த ஏரிக்கும் குஞ்சு போனது. நம் ஏழை வீட்டுக்கு மலிவாக மீன் கிடைத்ததும் அந்த ஊசியால்தான்.

கோளாறு வேறு இடத்தில். பண்ணைக்காரர் பெரிய மீனை விற்றுவிட்டு, மிஞ்சியதைத் தாய்மீனாக வைத்துக்கொள்வார். வீட்டில் விதைநெல்லுக்குப் பொறுக்கு நெல்லை எடுத்து வைப்போம், இங்கே நடப்பது அதற்குத் தலைகீழ். மிஞ்சிய அந்தச் சில ஜோடிகளே லட்சக்கணக்கான குஞ்சுகளுக்குப் பெற்றோர். அடுத்த வருஷம் அண்ணன் தங்கைக்கு ஊசி. 1980களில் கர்நாடகப் பண்ணைகளை ஆராய்ந்த ஏக்நாத்தும் டாயிலும் இந்த உள்ளினக் கலப்பைத்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எண்ணிக்கை ஏறும், வகை சுருங்கும். ஒரு நோயோ வறட்சியோ வந்தால் தாக்குப்பிடிக்கிற வேறு ரத்தம் கூட்டத்தில் இருக்காது.

ஏரியில் நடப்பதாவது பரவாயில்லை என்று விடலாம். ஆற்றில் நடந்தது அப்படியல்ல. நம் அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லை கொள்ளிடம். திருமானூர்ப் பாலத்தின் கீழே ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு நீலகிரிப் பக்கத்து மோயாற்றுத் தண்ணீர். மோயாறு பவானிசாகரில் விழுந்து, பவானியாகக் காவிரியில் சேர்ந்து, முக்கொம்பில் பிரிந்து வருகிறது. அந்த மோயாற்றில்தான், காவிரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத முதுகில் திமிலுடைய மஹ்சீர் மீன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

1946இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த இந்த மஹ்சீர் ஒன்று 120 ராத்தல், நம் கணக்கில் 54 கிலோ. அவ்வளவு பெரிய மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியாக 2018 ஆனது. கேரளத்துப் பாம்பாற்றில் முன்பே பெயரிடப்பட்டிருந்த டோர் ரெமாதேவியும் இதுவும் ஒன்றே என்று மரபணு சொன்னது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்து மணிமேகலனும் அந்த ஆய்வில் ஒருவர். அதே வருஷம் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அது பட்டியலில் ஏறியது.

நிலைமை எப்படி இவ்வளவு தூரம் வந்தது? அணை, மணல் எடுப்பு, வெடி, எல்லாம் உண்டு. கூடவே நல்லெண்ணமும் உண்டு. மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் 1970களிலிருந்து இன்னொரு மஹ்சீரான டோர் குத்ரியைப் பொரித்து வளர்த்தார்கள். மஹ்சீர் குறைகிறதே என்று அந்தக் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். துடுப்பு நீலமாக இருக்கும் வந்தேறி பெருகியது. துடுப்பு செம்மஞ்சளாக இருக்கும் சொந்தக்காரன் அருகிப்போனான். தூண்டில்காரர்கள் பல வருஷம் எழுதி வைத்த பிடிப்புக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோதுதான் இது வெளியே தெரிந்தது. மொத்தக் கணக்கில் மஹ்சீர் குறையவே இல்லை, பாருங்கள்! 2018இல் டோர் குத்ரி ஆபத்தில்லாத இனங்களின் பட்டியலுக்கு மாறியது.

கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் உல்லத்தின் கதை இன்னும் பழசு. 1836இல் அணைக்கரையில் கீழணை எழுந்தது. காவிரிப் படுகைக்கு அது சோறு போட்டது, உல்லத்துக்குக் கதவை மூடியது. நூறு வருஷத்துக்கு முன்பே கொள்ளிடக் கரையில் உல்ல முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க முயன்று பார்த்திருக்கிறார்கள்.

சீனத்திலும் இதே கதைதான். யாங்சி ஆற்றில் 1981இல் கெச்சோபா அணை ஓட்டத்தை அடைத்ததும் சீன ஸ்டர்ஜன் மீன் தன் முட்டையிடும் இடத்துக்கு ஏற முடியாமல் நின்றது. பண்ணையில் பொரித்துக் குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் ஆற்றில் அதன் எண்ணிக்கை மீளவில்லை. 2022இல் உலகில் எஞ்சிய 26 ஸ்டர்ஜன் இனங்களும் ஆபத்தில் என்று அறிவிப்பு வந்தது. அரியலூரில் சிமெண்டுக்காக நாம் தோண்டுகிற சுண்ணாம்புக்கல் கடலடியில் படிவதற்கும் முந்தைய குலம் அது.

போன ஐப்பசியில் பறியைத் தேடினேன். கட்டுகள் இற்றுப்போயிருந்தன, புதிதாகப் பின்ன ஊரில் ஆளில்லை. கொசுவலையை ரெண்டு குச்சியில் கட்டிக் கலிங்குக்குக் கீழே வைத்தேன். காலையில் எண்ணிப் பார்த்தேன்: ஜிலேபி நாற்பதுக்கு மேல், கெளுத்தி மூன்று. குரவை ஒன்றுகூட இல்லை. அந்த மூன்றும் எதிர்த்து ஏறி வந்தவையா, அல்லது மேலேயிருந்து தண்ணீரோடு இறங்கியவையா என்று வலையை வைத்துச் சொல்ல முடியவில்லை. கொசுவலைக்கு வாய்ப்பக்கம் என்று ஒன்று இல்லையே.