இளங் கடற்காகமும் ஏட்டுச் சுவடியும்

அடையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து அமைந்தது ஊரூர் ஒல்காட் குப்பம். வாடை வீசும் நாள்களில், மீனவர் வலையை உதறும் வேளையில், அக்கரையோரம் கடற்காகங்கள் வந்து கூடும். சென்ற தைத் திங்களில் மாணவர் சிலரோடு அங்குச் சென்றிருந்தோம். மணல்திட்டில் அமர்ந்திருந்த இளம்பறவை ஒன்றைச் சுட்டி, "ஐயா, இது பழுப்புத்தலைக் கடற்காகமா, கருந்தலைக் கடற்காகமா?" என்று ஒரு மாணவர் வினவினார். நம்மால் விடை கூற இயலவில்லை. அதற்குரிய காரணத்தை ஈண்டு விளக்குவோம்.

இவ்விரண்டும் நெருங்கிய உறவினங்கள். பழுப்புத்தலை, லடாக், திபெத் முதலிய உயர்நில ஏரிகளில் இனம்பெருக்குவது. கருந்தலை, ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் இனம்பெருக்குவது. பெயரை நம்பியும் பயனில்லை. கருந்தலையின் தலைநிறமும் உண்மையில் அடர்பழுப்பே. அந்நிறமும் குளிர்காலத்தில் மறைந்து, கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டும் இரண்டிலும் எஞ்சும்.

முதிர்ந்த பழுப்புத்தலையை அறிவது எளிது. அதன் விழி வெளிறியிருக்கும். கரிய சிறகு நுனியில் வெண்புள்ளிகள் விளங்கும். இளம்பறவைக்கோ விழியும் கருமை, வெண்புள்ளிகளும் இல்லை. இரண்டினத்து இளம்பறவைக்கும் சிறகின்மேல் பழுப்புத் திட்டுகளும் வால் நுனியில் கரும்பட்டையும் உண்டு. பழுப்புத்தலை சற்றே பருத்தது, அலகும் தடித்தது. எனினும், ஒப்பிட மற்றொன்று அருகில் இல்லாதபோது இவ்வளவு கொண்டு முடிவு செய்தல் அரிது. உறுதியான அடையாளம் விரித்த சிறகிலேயே உள்ளது. பழுப்புத்தலையின் சிறகு நுனி அகன்ற கருமை உடையது. கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பில் வெண்கீற்று நுனியை நோக்கி நீளும். எனவே, பறவை பறக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். அன்று அப்பறவை பறந்தது; ஆனால் கதிரவனை நோக்கிப் பறந்தமையால் சிறகின் வண்ணம் புலப்படவில்லை.

தமிழ் பயில்வோர்க்கு இத்தகைய இடர் புதிதன்று. பழைய ஏடுகளில் எகர ஏகார வேறுபாடு காட்டப்படுவதில்லை. ஆதலின் 'எரி' என்று எழுதியிருப்பது நெருப்பா, நீர்நிலையா என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். இடமும் துணை செய்யாதபோது நல்ல பதிப்பாசிரியர் தம் விருப்பத்தைப் பாடமாக ஏற்றுவதில்லை. இரு பாடத்தையும் காட்டிச் செல்வர்.

பறவைக் குறிப்பேட்டிற்கும் இந்நேர்மை வேண்டும். 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நிகழும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆர்வலர் பலர் எழுதித்தரும் குறிப்புகளால் ஆவது. ஊகித்து எழுதிய ஒரு பெயர், திபெத்திலிருந்து வந்த பறவையை ஐரோப்பாவிலிருந்து வந்ததாக்கிவிடும். பின்னர் ஓரினம் குறைகின்றதா பெருகுகின்றதா என ஆராய்வோர், அப்பிழையையே சான்றாகக் கொள்ள நேரும்.

அம்மாணவர் தம் ஏட்டில் 'பழுப்புத்தலை' என எழுதியிருந்தார். அதனை அடித்து, 'இரண்டில் ஒன்று. துணிதற்கில்லை' என எழுதுமாறு கூறினோம். ஆசிரியர் 'தெரியவில்லை' என்று சொல்லக் கேட்ட அவர் முகத்தில் சிறிது வியப்புத் தோன்றியது. அவ்வியப்பே அன்றைய பாடம் எனக் கருதுகின்றோம். தெரியாததைத் தெரியாதது என எழுதிவைத்தலும் கல்வியின் ஒரு கூறேயாகும்.