பெற்றோர் கல்வியும் பிள்ளைப் பராமரிப்பும்: கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஒரு பிள்ளை ஓரிடத்தில் அமர்ந்திருக்க மாட்டாது, தொடங்கிய வேலையை முடிக்க மாட்டாது, தன் முறை வரும்வரை பொறுத்திருக்க மாட்டாது அல்லற்படுமாயின், பெற்றோரின் வளர்ப்பையே அதற்குக் காரணமாகக் காட்டுதல் பொதுவழக்கு. பெற்றோர் கல்வி குறைந்தவராயின் இக்குற்றச்சாட்டு மேலும் எளிதாக எழுகின்றது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என மருத்துவம் வழங்கும் நிலையையுடைய பிள்ளைகளின் பராமரிப்பிலே பெற்றோரின் கல்வி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம். இத்துறையில் விரிவான ஆய்வுகள் நடைபெற்றுள்ள ஐக்கிய அமெரிக்காவையே எமது களமாகக் கொள்கின்றோம்.

முதலில் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். 1902ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்த்திய விரிவுரைகளிலே மருத்துவர் ஜோர்ஜ் ஸ்ரில், இத்தகைய பிள்ளைகள் சிலரை ஒழுக்கக் கட்டுப்பாடு குன்றியோர் என விபரித்தார். நோய்க்கு இடப்பட்ட பெயரே அறத்தீர்ப்பாகவும் அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் கவனக்குறைவை முதன்மைப்படுத்திப் பெயரிட்டது. 1987இல் மிகையியக்கமும் அப்பெயரில் இணைந்தது. இக்கோளாறில் மரபுவழிக் காரணிகளின் பங்கு பெரிது என்பதை இரட்டையர் பற்றிய ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. எனவே, வளர்ப்பின் குறையே நோயை உண்டாக்கிற்று என்னும் கூற்று நிலைபெறாது. ஆயின், நோயின் வேர் உடலிலே இருப்பினும் அதற்கான பராமரிப்புச் சமூகத்திலேயே நிகழ்கின்றது. கல்வி பற்றிய வினா இங்குதான் எழுகின்றது.

1999இல் முடிவுகள் வெளியிடப்பட்ட பல்முறைச் சிகிச்சை ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. ஏழு முதல் ஒன்பது வயது வரையான 579 பிள்ளைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 14 மாதங்கள் அவதானிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு மாதந்தோறும் கண்காணிக்கப்பட்ட மருந்து. மற்றொரு குழுவினருக்குப் பெற்றோர்க்கான பயிற்சி, ஆசிரியருடனான ஒத்துழைப்பு, கோடைக்கால முகாம் என்பன அடங்கிய நடத்தைச் சிகிச்சை. மூன்றாம் குழுவினருக்கு இவ்விரண்டும் இணைந்த சிகிச்சை. நான்காம் குழுவினருக்கு வழமையான சமூக மருத்துவம். கவனக்குறைவு, மிகையியக்கம் ஆகிய அடிப்படைக் குறிகளைப் பொறுத்தவரை கண்காணிக்கப்பட்ட மருந்தும் இணைந்த சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. ஏனைய இரண்டும் பின்தங்கின.

2002இல் இத்தரவுகள் குடும்பங்களின் சமூக பொருளாதார நிலையை ஒட்டி மீள ஆராயப்பட்டபோது மேலெழுந்த பொதுச் சராசரியின் கீழ் மறைந்திருந்த வேறுபாடு வெளிப்பட்டது. கல்வி மிகுந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அடிப்படைக் குறிகளிலே இணைந்த சிகிச்சை தனி மருந்தைவிடக் கூடிய பயன் அளித்தது. கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் சமமாகவே இருந்தன. இவ்வளவில் நிறுத்திக்கொள்வோர், கல்வி குறைந்தோர்க்குப் பயிற்சி அளிப்பது வீண், மருந்தே போதும் என முடிவுகட்டக் கூடும். ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டிற்று. எதிர்ப்புணர்வும் மூர்க்கமும் சார்ந்த குறிகளிலே இணைந்த சிகிச்சையால் நன்மை பெற்றவை உடலுழைப்புத் தொழிலாளர் குடும்பங்களே. அலுவலகத் தொழில் புரியும் உயர்நிலைக் குடும்பங்களிடையே சிகிச்சை முறைகளுக்கிடையில் பொதுவாக வேறுபாடு காணப்படவில்லை. எனவே தொழிலாளர் குடும்பங்கள் பயிற்சியால் பயன்பெறாதன என்னும் வாதம் அவ்வாய்வினாலேயே மறுக்கப்படுகின்றது.

அங்ஙனமாயின் 'கல்வி' என்னும் சொல் இங்கு எதனைக் குறிக்கின்றது? பெற்றோர் பயிற்சி என்பது 27 குழு அமர்வுகளும் எட்டுத் தனி அமர்வுகளும் கொண்டதாகத் திட்டமிடப்பட்டது. குறித்த நேரத்தில் வருகை தரவும், பிள்ளையின் நடத்தையை அட்டவணைப்படுத்தவும், ஆசிரியர் அனுப்பும் அன்றாடக் குறிப்பைப் படித்து அதற்கேற்பப் பரிசளிக்கவும் அது பெற்றோரை வேண்டிற்று. இவை அன்பின் அளவுகோல்கள் அல்ல. நேரமும் எழுத்துப் பழக்கமும் கோருகின்ற வேலைகள். மணிக்கணக்கிற்குக் கூலி பெறும் தாய்க்கு ஓர் அமர்வு என்பது ஊதிய இழப்பு. மாதச் சம்பளம் பெறும் தாய்க்கு அது பெரும்பாலும் விடுப்பு மட்டுமே.

அனெற் லறோ 2003இல் வெளியிட்ட 'சமனற்ற பிள்ளைப் பருவங்கள்' என்ற நூல் இக்கோளாறு பற்றியதன்று. எனினும் எமது நோக்கிற்குத் துணைசெய்கின்றது. நடுத்தர வர்க்கப் பெற்றோர் மருத்துவரிடமும் பாடசாலையிடமும் கேள்வி கேட்டுத் தம் தேவைக்கு இணங்கச் செய்விப்பதையும், தொழிலாளர் குடும்பங்கள் அந்நிறுவனங்களை அச்சத்தோடும் ஐயத்தோடும் அணுகுவதையும் அந்நூல் விபரிக்கின்றது. 1991இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் இக்கோளாறுடைய பிள்ளைகளும் சிறப்புக் கல்விக்கு உரித்துடையோராகலாம் எனத் தெளிவுபடுத்திற்று. ஆயினும் உரிமையைக் கோருவதற்குரிய மொழி எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. பெற்றோரின் கல்வி ஓரளவிற்கு அம்மொழியின் உடைமையே எனலாம்.

இன்னொரு சிக்கலையும் மனங்கொள்ளல் வேண்டும். இக்கோளாறு மரபுவழி வருவதாகலின், கல்வியை இடைநிறுத்திய பெற்றோர் சிலர் தாமும் இதே கோளாறினால் பள்ளியில் தோல்வியுற்றவராக இருத்தல் கூடும். அத்தகையோரிடம் கல்விக் குறைவு காரணமாக மட்டுமன்றி விளைவாகவும் நிற்கின்றது. தம்மை ஒருமுறை வெளித்தள்ளிய வகுப்பறைக்கே அவர்கள் பிள்ளைக்காகத் திரும்பி வருகின்றனர்.

எனவே மாற்றப்படவேண்டியது பெற்றோரின் தகுதியன்று, பராமரிப்பின் வடிவமே. வேலை முடிந்த பின் நடைபெறும் அமர்வுகள், எழுத்துக்குப் பதிலாகச் செய்து காட்டும் பயிற்சி, ஊதிய இழப்பில்லாத விடுப்பு என்பன மருத்துவத்திற்குப் புறம்பானவையல்ல. மேற்குறித்த ஆய்வின் தீவிர சிகிச்சை முடிவுற்றபின், மூன்றாம் ஆண்டளவில் குழுக்களுக்கிடையிலான வேறுபாடு மறைந்துவிட்டதென 2007இல் அறியப்பட்டது. அறிவுரை கூறி விடைபெறும் மருத்துவத்தைவிடத் தொடர்ந்து துணைநிற்கும் சமூக ஏற்பாடே வேண்டற்பாலது என்பதற்கு இதுவும் சான்றாகின்றது. அறிவியலைப் பொதுமக்களின் தமிழில் எழுத முற்படும் எமக்கும் இதிலோர் பொறுப்புண்டு: பெற்றோரைக் குற்றஞ்சாட்டாத மொழியில் அவர்களுக்கு இதனை விளக்குதலே அது.