பினாங்கு பிறப்புச் சான்றிதழும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும்

போன மாசம் சுவாமிமலையில் எங்க வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணப்போ, டிரங்குப் பெட்டியில் தாத்தாவோட பிறப்புச் சான்றிதழ் கிடைச்சுது. பிறந்த இடம் பினாங்கு, வருஷம் 1936. விஷயம் தெரிஞ்ச ஒரு ஏஜென்ட், "உங்களுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிடலாம் சார்"னு அப்பாகிட்ட முன்பணம் கேட்டார். அவர் சொன்னதுல பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

அந்தக் காலத்தில் நம்ம டெல்டா ஜனங்க நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனாங்க. அங்கே குழந்தை எந்த ஊரில் பிறந்ததுங்கிறது முக்கியம். பினாங்கும் மலாக்காவும் பிரிட்டிஷ் காலனி. பக்கத்துல இருக்கிற கெடா, பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தான் ராஜ்யம். தாத்தா அங்கே பிறந்திருந்தா கதையே வேற.

1948-ல் பிரிட்டன் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. 1949 ஜனவரி 1 முதல், காலனியில் பிறந்தவங்க 'ஐக்கிய ராஜ்யம் மற்றும் காலனிகளின் குடிமக்கள்' ஆனாங்க. 1957-ல் மலாயா சுதந்திரம் அடைஞ்சப்போகூட பினாங்கு, மலாக்காவில் பிறந்தவங்ககிட்ட இருந்து அதைப் பறிக்கல. வெளிநாட்டில் பிறந்த அவங்க பிள்ளைகளுக்கும் வம்சாவளியா அது போச்சு. ஆனா அப்பா வழியா மட்டும்தான். அம்மா வழியா இல்ல. பொதுவா ஒரு தலைமுறையோட சரி.

அப்போ 1966-ல் கும்பகோணத்தில் பிறந்த எங்க அப்பா பிரிட்டிஷ்காரரா? பிறந்தப்போ, காகிதத்தில் ஆமாம். ஆனா 1983-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டம் இப்படிப்பட்டவங்களை 'பிரிட்டிஷ் ஓவர்சீஸ் சிட்டிசன்' ஆக்கிடுச்சு. பேர்தான் பெருசு. அதை வெச்சு பிரிட்டனில் குடியேறும் உரிமை கிடையாது. சாதாரணமா பிள்ளைகளுக்கும் போகாது. 1997-ல் பிறந்த எனக்கு ஒண்ணுமில்ல. இன்னொரு பக்கம், வெளிநாட்டு பாஸ்போர்ட் கையில் வந்தா அப்பாவோட இந்தியக் குடியுரிமையே போயிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்ல. 2002-ல் பிரிட்டன், வேற எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஓவர்சீஸ் சிட்டிசன்களுக்கு முழுக் குடியுரிமைக்கு வழி திறந்தது. அதை நம்பி மலேசியர்கள் பலர் சொந்தக் குடியுரிமையைத் துறந்தாங்க. ஆனா சட்டத்தில் ஒரு தேதி இருந்தது: 2002 ஜூலை 4-க்குப் பிறகு தானா துறந்தவங்களுக்கு அந்த வழி கிடையாது. மலேசியாவும் இல்ல, பிரிட்டனும் இல்லன்னு வருஷக்கணக்கில் நாடற்றவங்களா நின்னாங்க.

அப்பா முன்பணம் கொடுக்கல. உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு காகிதம் கிடைச்சா, மூணு கேள்வி கேளுங்க: எந்த ஊர், எந்த வருஷம், யார் வழி? நாலாவதா ஒண்ணு: இதுக்காக எதை இழக்கப் போறோம்?