ஸ்பெஷல் கிளாஸ் ரகசியம்

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஒரு மாதமாக, "ஸ்பெஷல் கிளாஸ்" என்று சொல்லி ஏழு மணிக்குத்தான் வீடு திரும்பினாள். அவள் தலையணை உறைக்குள் 600 ரூபாய் அகப்பட்டதும் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. கேட்டால், அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷனாம்! ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ரயிலில் போய்வரும் அவள் அப்பாவுக்கு ஓவர்டைம் நின்றுபோனதை நாங்கள் ராத்திரி பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. "படிக்கிற வயசில் உனக்கு ஏண்டி இந்த வேலை?" என்று கத்தினேன். பதில் பேசாமல் ஒரு படக்கதைப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

'மெய்ட்-சாமா' என்ற ஜப்பானியக் காதல் தொடர். ஹிரோ ஃபுஜிவாரா எழுதி வரைந்தது. 'லாலா' என்ற மாத இதழில் 2013 வரை வந்து, 18 புத்தகங்களாகியிருக்கிறது. எளிய இங்கிலீஷ்தான், ஆனால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பழகுவதற்குள் தலை சுற்றிவிட்டது!

கதாநாயகி மிசாகியின் அப்பா, கடனை வைத்துவிட்டு ஓடிவிட்டார். அம்மாவுக்கோ உடம்பு சரியில்லை. ஆண்கள் மட்டுமே படித்து வந்த பள்ளியில் இவள் மாணவர் மன்றத் தலைவி, பையன்கள் நடுங்குவார்கள். சாயங்காலம் பணிப்பெண் உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு காபி ஹோட்டலில் பரிமாறுகிறாள். இந்த ரகசியம் உசுயி என்ற பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் யாரிடமும் சொல்லாததில்தான் காதல் துளிர்க்கிறது. (ஆனால் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகிறானே, அது எனக்குப் பிடிக்கவில்லை. காட்பாடி ஸ்டேஷன் பக்கம் அப்படி ஒருவன் வந்தால் சும்மா விடுவோமா?) என்னை உலுக்கியது காதல் இல்லை. படிப்பு, மன்றம், வேலை என்று ஓய்வில்லாமல் அலைந்து அவள் மயங்கி விழுகிற இடம்தான்.

என் அம்மா பைண்டு செய்து வைத்திருந்த லக்ஷ்மியின் தொடர்கதைகள் ஞாபகம் வந்தன. லக்ஷ்மி என்கிற டாக்டர் திரிபுரசுந்தரி, மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது பணமுடை வந்து, ஆனந்த விகடன் வாசனிடம் வாய்ப்புக் கேட்டு, கதை எழுதிக் கிடைத்த சன்மானத்தில் படித்து முடித்தவர். 1984-ல் சாகித்திய அகாதமி பரிசும் பெற்றார். அவரைப் பற்றி வாய் ஓயாமல் மெச்சிய நான், என் பெண்ணை மட்டும் திட்டித் தீர்த்தேனே!

இப்போது அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஐந்திலிருந்து ஆறரை வரைதான். அதற்கு முன் மகள் கேழ்வரகு அடையோ சுண்டலோ சாப்பிட்டாக வேண்டும். பத்து மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும். அந்த 600 ரூபாயை அவள் பேரிலேயே தபால் ஆபீஸில் போட்டிருக்கிறோம்.

"அடுத்த புத்தகம் எங்கேடி?" என்று நான்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.