கழுத்துக்கு மஃப்ளர், தலைக்குக் குல்லா

நுனி கொக்கியாக வளைந்த ஒரே ஓர் ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துத் துணியாக்கும் கைவேலை குரோஷே. ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசி வேலையில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலேயே தொங்கும். ஊசி நழுவினால் கண்ணிகள் மளமளவென்று இறங்கிவிடும். குரோஷேவில் பெரும்பாலும் ஊசியில் மிஞ்சுவது ஒரு கண்ணிதான். பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். தப்பு தெரிந்தால் நூலை இழுத்துப் பிரித்து, அந்த இடத்திலிருந்து மறுபடி பின்னலாம்.

அயர்லாந்தில் 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட வேலை இது. மிஷனரிகள் வழியாக ஆந்திரத்தின் நரசாப்பூருக்கு வந்து, அங்கே பெண்களின் வீட்டுத் தொழிலாக வேரூன்றியது. நரசாப்பூர் குரோஷே லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2016 ஜனவரியில் சென்னையில் விரிக்கப்பட்ட குரோஷே போர்வை, 11,148.5 சதுர மீட்டர் பரப்புடன் கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. லேஸுக்கு மெல்லிய பருத்தி நூலும் நுண்ணிய எஃகு ஊசியும் வேண்டும். கண்ணுக்கும் வேலை அதிகம். மஃப்ளரும் குல்லாவும் தடித்த நூலில் பின்னப்படுபவை. ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரிவதால் புதிதாகக் கற்பவர்களுக்கு இவையே ஏற்றவை.

நடுத்தரத் தடிமனுள்ள உல்லன் நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் தொடக்கத்துக்குப் போதும். கடையில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான்; விலை குறைவு, துவைப்பதும் எளிது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அசல் கம்பளி இன்னும் நன்றாகத் தாங்கும். வெளிர் நிற நூல் நல்லது. கறுப்பு நூலில் கண்ணி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் பழகியவருக்கே பொறுமை போய்விடும்.

அடிப்படை சங்கிலிப் பின்னல். சுருக்கு முடிச்சிட்டு, நூலை ஊசியில் சுற்றி, ஊசியிலுள்ள கண்ணி வழியே இழுத்தால் ஒரு சங்கிலி. ஒற்றைப் பின்னலில் ஊசியைக் கீழ்க் கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுக்க வேண்டும். இப்போது ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பு. இரட்டைப் பின்னலில் நுழைக்கும் முன்பே ஒரு சுற்று சுற்றிக்கொள்வதால் ஊசியில் மூன்று கண்ணிகள் சேரும். அவற்றை இரண்டிரண்டாக இரு முறையில் இழுத்து முடிப்பார்கள். இதில் துணி வேகமாக வளரும், சற்றே இளகியும் இருக்கும். புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்துப் பின்னுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கர்கள் ஒற்றை என்று சொல்லும் பின்னலைத்தான் பிரிட்டனில் இரட்டை என்கிறார்கள்.

மஃப்ளர் என்பது ஒரு நீண்ட செவ்வகம். ஒற்றைப் பின்னலில் என்றால் 26 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கினால் 25 கண்ணிகள் வரும். அகலம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்பி, மீண்டும் 25. நீளம் 150 சென்டிமீட்டர் ஆகும்வரை இதே வேலைதான். நூல் சுமார் 200 கிராம் பிடிக்கும். புதியவர்களின் மஃப்ளர் போகப்போக முக்கோணமாகக் குறுகுவதற்குக் காரணம், வரிசையின் முதல் கண்ணியோ கடைசிக் கண்ணியோ விட்டுப்போவதே. வரிசைக்கு வரிசை எண்ணுவதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை. அகலம் இரண்டு விரல் கூடினாலும் குறைந்தாலும் மஃப்ளர் மஃப்ளர்தான்.

குல்லாவில் இந்தச் சலுகை கிடையாது. பெரியவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 58 சென்டிமீட்டர். பின்னல் இழுபடும் என்பதால் குல்லாவின் சுற்றளவு அதைவிட நான்கைந்து சென்டிமீட்டர் குறைவாக இருந்தால்தான் தலையில் நிற்கும். ஒரே நூலையும் ஊசியையும் கொண்டு ஒருவர் இறுக்கமாகவும் இன்னொருவர் தளர்வாகவும் பின்னுவார்கள். ஆகவே முதலில் கையகல மாதிரி ஒன்றைப் பின்னி, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். தலையில் ஏறாத குல்லாக்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. மாதிரியில் 14 கண்ணிகள் வந்தால், 72 கண்ணிகளுக்குச் சுற்றளவு 51 சென்டிமீட்டரைத் தாண்டும்.

குல்லாவை உச்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். நான்கு சங்கிலிகளை வளையமாக இணைத்து, அதற்குள் 12 இரட்டைப் பின்னல்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 24. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, ஆக 36. இப்படிச் சுற்றுக்கு 12 கூட்டிக்கொண்டே போனால் ஆறாம் சுற்றில் 72 வந்துவிடும். வட்டம் தோசைபோல் தட்டையாகப் படிந்தால் கணக்கு சரி. ஓரம் அலை அலையாகச் சுருங்கினால் கண்ணிகள் மிகுதி. கிண்ணம்போல் குவிந்தால் போதவில்லை. 72-க்குப் பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டு, காது மூடும்வரை அதே எண்ணிக்கையில் சுற்றினால் குல்லா தானே இறங்கி வரும்.

வட்டக் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. தலைச் சுற்றளவுக்கு ஏற்ற நீளமும் குல்லா உயரத்துக்கு ஏற்ற அகலமும் உள்ள செவ்வகம் ஒன்றைப் பின்னி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்து, மேல் விளிம்பில் நூலோட்டிச் சுருக்கிக் கட்டிவிடலாம். கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் ஊசி நுழைத்துப் பின்னினால் வரிவரியாக வந்து நன்றாக இழுபடும்.

முடிவில் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியே இழுத்து இறுக்க வேண்டும். மிச்ச நூலை மழுங்கிய ஊசியால் பின்னலுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி மறைத்தால் துவைக்கும்போது அவிழாது. அசல் கம்பளியை வெந்நீரில் அலசினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். பச்சைத் தண்ணீர்தான் பாதுகாப்பு. அக்ரிலிக் மீது சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை இளகி, பின்னலின் பொசுபொசுப்பு போய்விடும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் மஃப்ளர் நீண்டுவிடும் என்பதால், மஃப்ளரையும் குல்லாவையும் துண்டின் மேல் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும்.