சேகரிப்பாளர் வேண்டாம் என்ற ரைஃபிள்

பென்சில்வேனியாவில் மான் வேட்டைப் பருவம் 2018 வரை நன்றி நவிலல் நாளை அடுத்த திங்கட்கிழமை தொடங்கும். அன்று கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறையே விட்டுவிடுவார்கள். இப்போது அது சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒன்றாகக் காட்டுக்குள் இறங்கிய ஊர்கள் அவை. இன்று எல்லாப் பேரன்களும் போவதில்லை. தாத்தா காலமானதும் அவர் அலமாரியில் இருந்த ரைஃபிள்கள் உள்ளூர்த் துப்பாக்கிக் கடையின் பழைய சரக்கு வரிசைக்கு வந்துவிடுகின்றன. கையில் அதிகம் காசில்லாமல் வேட்டை பழக வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரிசையைத்தான்.

அந்த வரிசையில் விலையை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் சேகரிப்பாளர். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அவருக்கு வேண்டும். யாரோ ஒருவர் ஸ்கோப் மாட்டுவதற்காகத் துளையிட்டிருந்தால், பின்கட்டையை ஓர் அங்குலம் குறைத்திருந்தால், எஃகுக்கு மறுபடி நீலம் ஏற்றியிருந்தால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். விலை பாதியாகக்கூட இறங்கிவிடும். ஆனால் குறி தவறுவதற்கும் அந்தத் துளைக்கும் சம்பந்தமே இல்லை. சேகரிப்பாளர் ஒதுக்கும் துப்பாக்கிதான் வேட்டைக்காரருக்கு வாய்க்கும் உண்மையான மலிவு என்பது என் உறுதியான கருத்து.

வின்செஸ்டர் மாடல் 70ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் வந்தது. பெட்டியிலிருந்து மேலெழும் தோட்டாவின் விளிம்பை உடனே பற்றிக்கொள்ளும் நீண்ட எஃகு நகம் அதன் பெருமை. 1964இல் செலவைக் குறைப்பதற்காக நிறுவனம் அந்த நகத்தை எடுத்துவிட்டது. கையால் செதுக்கிய கட்டங்களுக்குப் பதிலாக மரத்தில் அச்சு அழுத்தியது. வேட்டைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அன்று தொடங்கி '64க்கு முந்தையது' என்ற சொல்லே தனி விலை பெற்றுவிட்டது. அதே 64க்கு முந்தையதில், ரப்பர் மெத்தை வைப்பதற்காகக் கட்டையை வெட்டியது கிடைத்தால் விடாதீர்கள். பிந்தையவற்றையும் வெறுக்க வேண்டாம். 1968இல் நிறுவனம் போல்ட்டைத் திருத்தியது. எழுபதுகளில் வந்தவை நன்றாகவே சுடும், விலையும் கைக்கு அடக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது சாவேஜ் 99. ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் வடிவமைத்த லீவர் ரைஃபிள், 1899இல் வந்து ஏறத்தாழ நூறாண்டு தயாரிப்பில் இருந்தது. மற்ற லீவர் ரைஃபிள்கள் பெரும்பாலானவற்றில் குழலுக்கடியில் நீண்ட குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு முன்னால் இருக்கும் தோட்டாவின் பற்றுமூடியை (பிரைமர்) இடித்தால் ஆபத்து. அதனால் அவற்றில் மொட்டை முனைதான் போட முடிந்தது. சாவேஜ் ஒரு சுழலும் பித்தளை உருளையில் ஐந்து தோட்டாக்களைச் சுற்றி அடுக்கினார். கூர்முனைக் குண்டு போட வழி பிறந்தது. இடப்பக்கத்தில் சின்னச் சன்னல் ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டாவாக அழுத்த அழுத்த அதில் எண் மாறும். பழைய 99ஐக் கையில் எடுத்தால் முதலில் லீவரைத் திறந்து அறை காலியா என்று பாருங்கள். அடுத்து, எஃகு முடிந்து மரம் தொடங்கும் இடத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். கட்டையை இறுக்கும் திருகு தளர்ந்து, பின்னுதையின் அடி முழுவதும் அங்கே விழுந்து, மயிரிழைபோல் விரிசல் ஓடியிருக்கும். 99இன் பழைய நோய் இது. ஆரம்ப விரிசலை ஒட்டிவிடலாம். விலையைக் குறைத்துக் கேட்க அதுவே நியாயமான காரணம்.

தோட்டாவை மறந்து துப்பாக்கி வாங்கக் கூடாது. .308இல் வந்த 99க்கு எந்தக் கடையிலும் தோட்டா உண்டு. .303 சாவேஜுக்குத் தேடித்தேடி அலைய வேண்டும். பிரிட்டிஷ் .303 தோட்டா முற்றிலும் வேறு. பெயரைப் பார்த்து அதை இதில் திணித்துவிடக் கூடாது. நம் ஓசூர், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். இன்று அந்த அளவில் ஒரு ரைஃபிள் வாங்குகிறவர், ஒவ்வொரு தோட்டாவுக்கும் சாதாரண .30-06க்கு ஆவதைவிட நிறையச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

பலரும் கண்டுகொள்ளாத புதையல் ஒன்று உண்டு: பல்பொருள் பேரங்காடிகளின் சொந்தப் பெயரில் விற்ற துப்பாக்கிகள். சியர்ஸ் 1950களில் 'ஜே.சி. ஹிக்கின்ஸ்' என்ற பெயரில் விற்ற மாடல் 50இல் இருப்பது பெல்ஜியத்தின் எஃப்.என். செய்த மவுசர் ஆக்‌ஷன். குழலுக்குள் குரோம் பூச்சு. பின்னால் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் பெயரில் அதே சியர்ஸ் விற்ற மாடல் 100, உள்ளபடி வின்செஸ்டர் 94தான். மார்லின் 336இன் அக்ரூட் கட்டையை எடுத்துவிட்டு மலிவான பிர்ச் கட்டை போட்டால் அது க்ளென்ஃபீல்ட். எஃகு ஒன்றே, பெயர்தான் வேறு. இப்போது விவரம் தெரிந்தவர்கள் பெருகி வருகிறார்கள், விலையும் மெல்ல ஏறுகிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ராணுவ உபரியாக வந்த ஸ்பிரிங்ஃபீல்ட், மவுசர், லீ-என்ஃபீல்ட்களை ஆயிரமாயிரம் பேர் வீட்டுப் பட்டறையிலேயே அறுத்து வேட்டைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். வரலாற்றுப் பொருளாக அவற்றுக்கு இன்று மதிப்பில்லை, வேலைக்குக் குறைவில்லை. ஓர் எச்சரிக்கை: ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்த 1903 மாடலில் 8,00,000க்குக் கீழ் எண் இருந்தால் சுடாதீர்கள். எஃகைக் காய்ச்சும்போது சூடு மிஞ்சி நொறுங்கும் தன்மை வந்துவிட்டது. அவற்றில் சில வெடித்திருக்கின்றன. பழைய ராணுவத் தோட்டாக்களின் பற்றுமூடி மருந்து சுட்டபின் உப்பை விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்றுவிடும். ஆகவே துணியால் துடைத்த பிறகே உள்ளே பாருங்கள்; எண்ணெய் பூசிய குழலில் அரிப்பு மறைந்திருக்கும்.

குழல் நடுவே லேசாகக் கறுத்திருந்தால் பெரிய பயமில்லை. வாய்முனைதான் முக்கியம். பல லீவர் ரைஃபிள்களைப் பின்பக்கமிருந்து துடைக்க வழியில்லாததால் பலர் வாய்வழியே எஃகுக் கம்பியை விட்டுவிட்டு இழுத்திருப்பார்கள். அங்கே சுழல்வரிகள் தேய்ந்து மழுங்கியிருக்கும். திருகுத் தலைகளும் பேசும். பள்ளம் சிதைந்திருந்தால் கைப்பழக்கம் இல்லாதவர் திறந்திருக்கிறார் என்று பொருள். 1960களின் இறுதியில் வந்த பிரௌனிங் ரைஃபிள் என்றால் பின்கட்டையின் அடித்தகட்டுத் திருகைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் காலத்தில் அக்ரூட் மரத்தைச் சீக்கிரம் உலர்த்த உப்பைப் பயன்படுத்தினார்கள். திருகு துருவேறியிருந்தால் மரத்துக்குள் ஒளிந்திருக்கும் எஃகும் துருவேறியிருக்கும். ரெமிங்டன் 700 வாங்குவோர் விசையை விசாரிக்க வேண்டும். 2006க்கும் 2014க்கும் இடையே எக்ஸ்-மார்க் ப்ரோ விசையோடு வந்தவற்றை நிறுவனமே 2014இல் திரும்ப அழைத்தது. 2020இல் நிறுவனம் திவாலாகிப் பிரிந்து விற்கப்பட்டுவிட்டதால், சரிசெய்யப்படாத விசை என்றால் அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் 4473 என்ற கூட்டாட்சிப் படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் வந்த சில மலிவு ரைஃபிள்களில் வரிசை எண்ணே இருக்காது. அது திருட்டுப் பொருள் என்று பதற வேண்டாம். எண் சுரண்டப்பட்டிருந்தால் மட்டும் தொடவே கூடாது. 1898ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டப்படி தொல்பொருள். மாநில விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: தோட்டா அறையின் ஆழத்தை ஒரு துப்பாக்கி மிஸ்திரி அளவுகோல் போட்டுப் பார்க்க அனுமதிப்பீர்களா என்று. பழைய வரிசையை நேர்மையாக நடத்தும் கடைக்காரர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுத்தால் ரைஃபிளை வரிசையிலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.